ஃபி ஃபி தீவுகளுக்கு எந்தப் படகில் போவது?

தாய்லாந்தின் புக்கெட்டில் எந்த விடுதியில் தங்கினாலும் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் துண்டறிக்கைகள் செருகிய ஓர் அடுக்கு இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஃபி ஃபி தீவுகளுக்குச் செல்லும் விரைவுப் படகுச் சுற்றுலாக்களைப் பற்றியவை. எல்லாவற்றிலும் அதே பச்சை நீர், அதே செங்குத்தான சுண்ணாம்புப் பாறை, அதே வெண்மணல். கட்டணம் மட்டும் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்கு மேலும் வேறுபடும். படங்கள் ஒன்றாக இருக்கும்போது விலை ஏன் வேறுபடுகிறது என்பதற்கு அந்தத் தாள்களில் விடை கிடைக்காது.

நாங்கள் ஒரு பிப்ரவரி மாதம் குடும்பமாகச் சென்றிருந்தோம். முழங்கால் வலியுள்ள அம்மா, எதையும் விலை பேசாமல் வாங்காத சித்தப்பா, தண்ணீரைக் கண்டால் வெளியே வர மறுக்கும் தங்கை மகள் ஆகிய மூவருக்கும் ஒத்துவருகிற படகு ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. நான் சிறு குழுவாக அழைத்துச் செல்லும் படகைச் சொன்னேன்; சித்தப்பா ஒப்பவில்லை. “இவன் ஏழு இடம் காட்டுறேங்கிறான். நீ சொல்றவன் இவனைவிட ரெண்டு மடங்கு வாங்கிட்டு நாலுதான் காட்டுவானாம். எந்த ஊர்க் கணக்குடா இது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றிரவு நான் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பார்க்க வேண்டும். புக்கெட்டிலிருந்து போவதால் ஃபி ஃபி தீவுகளைப் புக்கெட்டைச் சேர்ந்தவை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்; உண்மையில் அவை கிராபி மாகாணத்தைச் சேர்ந்தவை, புக்கெட்டுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் திறந்த கடலில் இருப்பவை. பெரிய பயணிகள் கப்பலில் இரண்டு மணி நேரம் ஆகும். விரைவுப் படகில் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை நான்கு மணிக்குத் திரும்பும் வழக்கமான சுற்றுலாவில் ஏழு மணி நேரம் இருக்கிறது. போக வர இரண்டு மணி நேரமும் மதிய உணவுக்கு ஒரு மணி நேரமும் கழிந்தால் மீதி நான்கு. அந்த நான்கை ஏழு இடங்களுக்குப் பகிர்ந்து, இடத்துக்கு இடம் ஓடும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால், ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. அந்த அரை மணிக்குள்தான் நாற்பது பேர் இறங்கி, நாற்பது பேர் மறுபடி ஏறியாக வேண்டும்.

விரைவுப் படகுகளில் பெரும்பாலானவை மூன்று வெளிப்புற இயந்திரங்களைப் பின்னால் மாட்டிக்கொண்டு முப்பது முதல் நாற்பத்தைந்து பேர் வரை ஏற்றிச் செல்பவை. இறங்குவதும் ஏறுவதும் ஒரே ஏணியில். நீருக்குள் பார்க்க உதவும் முகமூடியை மாட்டத் தெரியாதவர், துடுப்புச் செருப்போடு படியேற முயல்பவர், கைப்பேசியை உறையில் போட மறந்தவர் என்று நாற்பது பேரில் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆளுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் ஏறவும் இறங்கவுமே நாற்பது நிமிடம் போய்விடும். பன்னிரண்டு பேர் கொண்ட படகில் அதே வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிறது. சிறு குழுவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் சாய்ந்து உட்காரும் மெத்தையும் வெட்டிவைத்த பழமும் கிடைப்பது உண்மைதான். ஆனால் நாம் உண்மையில் வாங்குவது இந்த நேரத்தைத்தான். சித்தப்பா இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கி வந்தார்.

‘சிறு குழு’ என்ற சொல்லுக்கு அங்கே வரையறை ஏதும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு பேரை ஏற்றுபவரும் அப்படித்தான் விளம்பரம் செய்கிறார், இருபத்தைந்து பேரை ஏற்றுபவரும் அப்படித்தான் விளம்பரம் செய்கிறார். ஆகவே கேட்க வேண்டியது, அந்தப் படகில் அதிகபட்சம் எத்தனை பேரை ஏற்றுவீர்கள் என்பதையும், அந்தப் படகின் மொத்த இருக்கைகள் எத்தனை என்பதையும்தான். நாற்பது இருக்கைப் படகில் இருபது பேரை ஏற்றினால் தாராளமாக இருக்கும். இருபது இருக்கைப் படகில் இருபது பேரை ஏற்றினால் அது சிறிய படகே தவிர சிறு குழு அல்ல.

இனி, போகும் இடத்தைப் பற்றி. ஃபி ஃபி என்பது ஒரு தீவு அன்று. மக்கள் வசிப்பதும் விடுதிகளும் டோன்சாய் படகுத்துறையும் இருப்பதும் ஃபி ஃபி டான் என்ற பெரிய தீவில். துண்டறிக்கைகளில் வரும் படங்கள் எல்லாம் அதற்குத் தெற்கே உள்ள சிறிய தீவான ஃபி ஃபி லேயின் கரையோரத்தில் எடுத்தவை. அங்கே விடுதியும் இல்லை, ஊரும் இல்லை. கடலிலிருந்து நேராக எழும் சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள், அவற்றுக்கிடையே உள்வாங்கிய மாயா விரிகுடா, முதுகுப்பக்கத்தில் லோ சாமா விரிகுடா, கிழக்கே பிலே காயல், வடகிழக்கில் வைக்கிங் குகை. மொத்தத் தீவையும் படகில் சுற்றிவர அதிக நேரம் ஆகாது. இந்தக் கரையோரத்தை நிதானமாகப் பார்ப்பதுதான் பயணத்தின் சாரம். மற்ற இடங்கள் இலை ஓரத்துத் தொடுகறிகள்.

மாயா விரிகுடாவின் கதை படகு தேர்வுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை அந்தச் சிறிய மணற்பரப்பில் வந்து இறங்கியதில் பவளப்பாறைகள் பெரும்பகுதி அழிந்தன. நங்கூரம் இழுத்த இழுப்பும் மணலைக் கிளறிய சுழலிகளும் அதில் பெரும்பங்கு வகித்தன. 2018 ஜூன் மாதம் தாய்லாந்து அரசு அதை மூடியது. சில மாதங்களுக்கு என்று தொடங்கிய மூடல் மூன்றரை ஆண்டுகள் நீண்டு, 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் விரிகுடாவுக்குத் திரும்பி வந்தன. பவளங்களை நட்டு வளர்க்கும் வேலையும் நடந்தது. இப்போது எந்தப் படகும் விரிகுடாவின் முகப்பு வழியாக உள்ளே வர முடியாது. பின்பக்கம் லோ சாமாவில் உள்ள மிதவைத் துறையில் இறங்கி, மரப்பலகை நடைபாதை வழியாகத் தீவைக் குறுக்கே கடந்து கடற்கரைக்கு வர வேண்டும். நீந்த அனுமதி இல்லை. முழங்கால் அளவு நீரில் நிற்கலாம். திறந்தபோது ஒரே நேரத்தில் 375 பேருக்கு மேல் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஓய்வு கொடுப்பதற்காக மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதங்களிலும் மாயா விரிகுடாவின் படத்தைப் போட்டே சுற்றுலா விற்கப்படும் என்பதால், அப்போது போகிறவர்கள் தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த மிதவைத் துறையில் ஒரே நேரத்தில் சில படகுகளே நிற்க முடியும். புக்கெட்டிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்பும் படகுகள் அனைத்தும் பத்து, பத்தரைக்கு அங்கே வந்து சேர்கின்றன. கிராபியின் ஆவ் நாங் கடற்கரையிலிருந்து வரும் படகுகளும் அதே நேரத்தில்தான் வரும். வெளியே காத்திருக்கும் படகு அலையில் மிதந்து ஆடிக்கொண்டே நிற்கும். குமட்டல் உள்ளவர்களுக்கு ஓடும் படகைவிட நிற்கும் படகுதான் கொடுமை. ஆகவே ஆள் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது புறப்படும் நேரம். ஆறு, ஆறரை மணிக்குக் கிளம்பும் படகுகள் இருக்கின்றன. விடுதியிலிருந்து ஐந்து மணிக்கு வண்டி ஏற வேண்டும், விடுதியின் காலை உணவு போய்விடும், பிள்ளைகள் முனகுவார்கள். ஆனாலும் இரண்டில் ஒன்றைத்தான் தேர முடியும் என்றால் நேரங்கழித்துக் கிளம்பும் பன்னிரண்டு பேர் படகைவிட, விடியற்காலையில் கிளம்பும் இருபத்தைந்து பேர் படகையே நான் எடுப்பேன். படகில் எத்தனை பேர் என்பது நம் கட்டுப்பாட்டில் உள்ளது. கரையில் எத்தனை பேர் என்பது கடிகாரத்தின் கையில் உள்ளது.

பிலே காயல் வேறு வகை. மூன்று பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்க, ஒரு குறுகிய வாயில் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து நிறைகிறது. இங்கே நீந்தலாம். ஆனால் கடல் மட்டம் உயர்ந்து தாழும் ஓதம் இறங்கியிருக்கும் வேளையில் ஆழம் குறைந்துவிடுவதால் பெரிய படகுகள் வாயிலோடு நின்றுகொள்ள நேரிடும். ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நேற்று காலை ஒன்பதுக்கு நிறைந்திருந்த காயல் இன்று அதே நேரத்தில் அதே அளவில் நிறைந்திருக்காது. இதை அறிந்த படகோட்டி, இடங்களின் வரிசையை மாற்றிக்கொண்டே இருப்பார். நாற்பது பேர் படகை நடத்துபவருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு, ஏனென்றால் அவருக்கு டோன்சாயில் சாப்பாட்டு மேசை இத்தனை மணிக்கு என்று குறித்தாகிவிட்டது. எங்கள் படகோட்டி காயலின் வாயிலில் நின்ற படகுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பித் தீவை ஒரு சுற்று சுற்றினார். நாங்கள் வைக்கிங் குகையின் எதிரே போய் நின்றோம். உள்ளே போக அனுமதியில்லை. உழவாரக் குருவிகளின் கூடுகளைப் பறிப்பதற்காகக் கட்டிய மூங்கில் சாரங்கள் இருளுக்குள் உயரே உயரே போவது வெளியிலிருந்தே தெரிந்தது. உமிழ்நீரால் ஆன அந்தக் கூடுகள் சீன உணவில் பெரும் விலை போகின்றன. திரும்பி வந்தபோது காயலில் பாதிப் படகுகள் போய்விட்டிருந்தன. தங்கை மகள் அங்கே தண்ணீரில் குதித்தவள், மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் ஏறினாள்.

பருவத்தைப் பற்றிச் சொல்லாமல் படகைப் பற்றிப் பேச முடியாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் தாய்லாந்தின் மேற்குக் கரை காற்றுக்கு மறைவில் இருப்பதால் அந்தமான் கடல் அடங்கியிருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் மேல்திசைக் காற்று, அந்தக் கரையில் நேராக வந்து மோதுகிறது. இந்தக் காற்றுகளின் மாற்றத்தை நம்பித்தான் பழைய தமிழ் வணிகர்கள் இதே கடலைக் கடந்தார்கள். புக்கெட்டுக்கு வடக்கே தகுவா பா பகுதியில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் அதற்குக் காவலாக மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் குறிப்பிடுகிறது. அவர்கள் காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நமக்கோ நாலு நாள் விடுமுறை, அதற்குள் கடல் அடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

மழைக்காலத்தில் கட்டணம் குறையும், கூட்டமும் குறையும். எல்லா நாளும் கடல் கொந்தளிப்பதும் இல்லை. ஆனால் 2018 ஜூலை 5 அன்று ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புக்கெட் அருகே புயலில் மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்ததை மறந்துவிடக் கூடாது. அது விரைவுப் படகு அன்று, அதைவிடப் பெரியது. படகின் அளவு எல்லா வேளையிலும் காப்பாற்றாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சிறு குழுப் படகுகள் பெரும்பாலும் நீளத்திலும் சிறியவை; ஒன்றரை மீட்டர் அலையில் அவற்றின் அடி, நீரில் பலகையை அறைவதுபோல அறையும். மழைக்காலத்தில் போயே ஆக வேண்டும் என்றால், சிறு குழு ஆசையை விட்டுவிட்டுப் பெரிய பயணிகள் கப்பலில் போவதுதான் சரி என்பது என் கருத்து. தாய்லாந்து வானிலைத் துறை அந்தமான் கடலின் அலை உயரத்தை அன்றாடம் வெளியிடுகிறது. முன்பதிவு செய்யும் முன் அதைப் பார்க்கலாம். படகை நிறுத்தினால் பணம் முழுதும் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அமைதியான பருவத்திலும் விரைவுப் படகு உடம்பைக் குலுக்கும். கருவுற்ற பெண்களையும் முதுகுத்தண்டில் சிகிச்சை பெற்றவர்களையும் பல நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. ஏற்றுகிறோம் என்று சொல்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். படகின் முன்முனையான அணியத்தில் உட்கார்ந்தால் படம் நன்றாக வரும், ஆனால் ஒவ்வோர் அலைக்கும் தூக்கிப்போடுவது அங்கேதான் அதிகம். கடைசி வரிசையில் குலுக்கல் குறைவு. பதிலுக்கு இயந்திரத்தின் இரைச்சலும் எரிபொருள் வாடையும் சாரலும் உண்டு. நடுவுக்குச் சற்றுப் பின்னே உள்ள வரிசைதான் அம்மாவைப் போன்றவர்களுக்குச் சரியான இடம். நாற்பது பேர் படகில் அந்த இருக்கை கிடைப்பது முண்டியடித்து ஏறுபவருக்குத்தான். எங்கள் படகில், வழிகாட்டியிடம் முழங்கால் வலியைச் சொன்னதும் அவரே அம்மாவைக் கைபிடித்து அங்கே உட்கார வைத்தார். ஏணி எப்படிப்பட்டது என்பதையும் கேட்டு வையுங்கள். கயிற்றில் தொங்குவது, செங்குத்துக் கம்பி, அகலப் படிகளோடு சாய்வாக இறங்குவது என்று பல வகை உண்டு. மூன்றாவது வகை உள்ள படகின் படத்தை அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகே நான் பணம் கட்டினேன். ஏணி பெரும்பாலும் இயந்திரங்களுக்கு அருகில் இருப்பதால், அவை முழுவதும் அணைந்த பிறகே தண்ணீரில் இறங்கவும் ஏறவும் வேண்டும். பிள்ளைகளுக்கான அளவில் உயிர்க்காப்பு அங்கி உண்டா என்று துறையிலேயே பாருங்கள், நடுக்கடலில் பார்க்க வேண்டாம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இன்னும் கொஞ்சம் உள்ளன. தாய்லாந்தில் சுற்றுலா நடத்துபவருக்கு உரிம எண் இருக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் அதைத் துண்டறிக்கையிலேயே அச்சிடுகின்றன. தேசியப் பூங்காக் கட்டணம், வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400 பாட், சொன்ன விலைக்குள் அடங்குமா என்று கேட்காவிட்டால் துறையில் கையை நீட்டுவார்கள். இரண்டு படகுகளின் விலையை ஒப்பிடும்போது இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். சாப்பாடு ஃபி ஃபி டானில் என்றால் சைவம் கிடைக்கும். ஆனால் சைவம் என்று சொன்ன குழம்பில் மீன் சாறு ஊற்றியிருக்க வாய்ப்புண்டு என்பதால் தனியாகச் சொல்லிவைப்பது நல்லது. 2021 முதல் தேசியப் பூங்காக்களில் பவளத்துக்குக் கேடான ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் முதலியவை கலந்த வெயில் களிம்புகளுக்குத் தடை உள்ளது. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை போகலாம். துறையில் செருப்புகளை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு மாலையில்தான் திருப்பித் தருவார்கள் என்பதால் விலையுயர்ந்த காலணியோடு போக வேண்டியதில்லை.

ஏழு இடப் பட்டியலில் உள்ள சில இடங்களைத் தயங்காமல் விட்டுவிடலாம். குரங்குக் கடற்கரையில் குரங்குகள் கடிக்கும். காய் தீவு புக்கெட்டுக்கு அருகிலேயே உள்ளது. திரும்பும் வழியில் நேரத்தை நிரப்புவதற்கென்றே அங்கே நிறுத்துகிறார்கள், சாய்வு நாற்காலிக்குத் தனிக் காசு. மூங்கில் தீவு மட்டும் விதிவிலக்கு. பாறைச் சுவர் இல்லாத, தட்டையான, வெண்மணல் சூழ்ந்த சிறு தீவு அது. குழந்தைகள் இறங்கி விளையாட ஏற்றது. எங்கள் நாலில் அதுவும் ஒன்றாக இருந்தது.

இத்தனையும் சொன்ன பிறகு, இரண்டு சூழ்நிலைகளில் சிறு குழுப் படகு தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பத்துப் பேராகச் செல்லும் குடும்பம், ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் தனிப் படகு ஒன்றை முழுதாக வாடகைக்கு எடுக்கும் தொகையை நெருங்கிவிடும். அப்போது நேரமும் வரிசையும் முழுவதும் நம்முடையவை. அதுபோல, இரண்டு இரவு ஒதுக்க முடிந்த இளையவர்கள் கப்பலில் போய் ஃபி ஃபி டானிலேயே தங்கி, டோன்சாயிலிருந்து, இயந்திரத் தண்டு வால்போலப் பின்னால் நீளும் மரப்படகான நீள்வால் படகு ஒன்றை விடியற்காலையில் பேசிக்கொள்ளலாம். ஃபி ஃபி லே அங்கிருந்து கூப்பிடு தூரம். புக்கெட் படகுகள் வந்து சேர்வதற்குள் பார்த்து முடித்துவிடலாம்.

நாள் குறிப்பதில் ஒன்று. ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளில் இந்தப் பயணத்தை வைக்காமல், போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளிலேயே வையுங்கள். காற்று அதிகம் என்று துறைமுக அதிகாரிகள் படகை நிறுத்தினால், மாற்றிக்கொள்ள அடுத்த நாட்கள் கையில் இருக்கும்.